கண்மாய் சர்வே, 39 ஜிபி கோப்பு, சொந்த வியூவர்: விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

கலுங்குக்கல்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் கண்மாய்களை ட்ரோன் வைத்து அளந்து தரும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தூர்வாருவதற்கு முன் ஒரு தடவை, வாரி முடித்த பிறகு ஒரு தடவை பறக்கவிட்டு, உள்வாயில் எத்தனை கன மீட்டர் மண் போயிருக்கிறது, கரை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கணக்குச் சொல்ல வேண்டும். போட்டோக்களிலிருந்து வரும் பாயின்ட் கிளவுடை, அதாவது இடத்தின் வடிவத்தைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளிக் குவியலை, எல்ஏஎஸ் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கிறோம். இப்போது கையில் இருக்கிற பெரிய கண்மாய்க்கு 150 கோடி புள்ளி. புள்ளிக்கு 26 பைட் வீதம் கோப்பு 39 ஜிபி. விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கு முதலாளி சம்மதிக்கவில்லை, அதனால் சி++ மொழியும் கிராபிக்ஸுக்கான ஓப்பன்ஜிஎல் 4.5-ம் வைத்து, அந்தப் புள்ளிகளைத் திரையில் காட்டும் ஒரு வியூவரை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இருக்கிற பெட்டி ஆறாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்றுக்கொள்ளாது. புதுசு வாங்கத்தான் போகிறோம், எந்த ஓஎஸ் என்பதில்தான் குழப்பம். விண்டோஸில் எனக்கு மூன்று தலைவலி:

ஒன்று, கோப்பில் 2 ஜிபி தாண்டி உள்ளே போனால் படிப்பது குப்பையாக வருகிறது. அதே கோட் நண்பனின் உபுண்டு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு, கலுங்குக் கல்லை (மிகைநீர் வெளியேறும் இடத்துக் கல்) கிட்டப் போய்ப் பார்த்தால் புள்ளிகள் நடுங்குகின்றன, கேமராவை அசைத்தால் கல் மொத்தமும் குதிக்கிறது. மூன்று, புள்ளிகளுக்கு நார்மல் (அந்த இடத்தில் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது) கணக்கிட ஒரு கம்ப்யூட் ஷேடர், அதாவது கிராபிக்ஸ் சிப்பான ஜிபியூவில் ஓடும் சின்னப் புரோகிராம், போட்டிருக்கிறேன், அது ஓடும்போது திரை ஒரு நொடி கறுத்து, புரோகிராம் செத்துவிடுகிறது.

லினக்ஸுக்குப் போனால் இதெல்லாம் தீருமா? முதலாளி மகன் மேக் வாங்கலாம் என்கிறார். கணக்கைப் பார்க்கப்போகும் அலுவலகத்தில் எல்லாம் விண்டோஸ்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்குயின் பய:

லினக்ஸ் போடு மாப்ள. இதுக்கு எதுக்கு இழை.

சிம்மக்கல் ஃப்ளெக்ஸ்:

தம்பி, நான் புரோகிராமர் கிடையாது, ஃப்ளெக்ஸ் கடை. ஆனால் பெரிய கோப்பு என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும். கல்யாண சீசனும் தலைவர் பிறந்தநாளும் சேர்ந்து வந்தால் நாளைக்கு எத்தனை 40 அடி பேனர் என்று கணக்கே இருக்காது. ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி 2 ஜிபிக்கு மேல் சேவ் ஆகாது, பிஎஸ்பி என்று மாற்றித்தான் சேமிக்க வேண்டும், டிஃப் என்றால் 4 ஜிபியோடு நின்றுவிடும். இதெல்லாம் எந்த ஓஎஸ் போட்டாலும் மாறாது, கோப்பின் வகையிலேயே இருக்கிற வரம்பு. புதுசாக வருகிற பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சரியில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள்.

என் கடையில் விண்டோஸைத் தவிர வேறு வழியில்லை. கோரல்ட்ராவும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸில் வராது. என் பிரிண்டரை ஓட்டும் ரிப் மென்பொருள் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் எழும்பும், அதுவும் விண்டோஸில் மட்டும். உங்களுக்கு அந்த மாதிரிக் கட்டாயம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

தெற்குவாசல்:

தம்பி, மூன்று புகாரையும் விண்டோஸ் தலையில் கட்டிவிட்டீர்கள். அதில் ஒன்றுதான் அதற்குச் சேரும்.

2 ஜிபி விஷயம். கோப்பில் ஓர் இடத்துக்குத் தாவ நீங்கள் எஃப்சீக் போட்டிருப்பீர்கள், கோட் பார்க்காமலே சொல்லலாம். எஃப்சீக், எஃப்டெல் இரண்டும் கோப்பில் இருக்கும் இடத்தை லாங் என்ற டைப்பில் வாங்கிக்கொள்கின்றன. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் அது இன்றைக்கும் 4 பைட்தான், 2,14,74,83,647-க்கு மேல் அதில் ஏறாது. எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய், எங்கேயோ போய் நின்று, அங்கே இருக்கிற பைட்டுகளைப் புள்ளி என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் எஃப்சீக்ஐ64 என்ற வடிவம் உண்டு, அல்லது கோப்பையே மெமரியில் மேப் செய்துவிடுங்கள். கோடில் லாங், இன்ட் என்று கோப்பு அளவையோ புள்ளி எண்ணையோ வைத்திருக்கிற இடம் எல்லாவற்றையும் 64 பிட் டைப்பாக மாற்றுங்கள். 150 கோடி என்பது இன்ட் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அதை 26-ஆல் பெருக்குகிற வரி எங்கேயாவது இருக்கும், அங்கேதான் உடையும்.

உபுண்டுவில் ஓடுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லினக்ஸில் ஒரே ரீட் அழைப்பில் 2,14,74,79,552 பைட்டுக்கு மேல் வராது, 2 ஜிபிக்கு ஒரு முடி குறைவு. நீங்கள் 10 ஜிபி கேட்டாலும் பிழை எதுவும் சொல்லாமல் அவ்வளவைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் திருப்பித் தரும். அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்டால் மிச்ச இடத்தில் இருப்பது குப்பை. மேக்கில் அதே அழைப்புக்கு 2 ஜிபிக்கு மேல் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி பிழை வந்துவிடும், அது எவ்வளவோ பரவாயில்லை. விண்டோஸின் ரீட்ஃபைலும் அளவை 32 பிட்டில்தான் வாங்கும். எந்த ஊருக்குப் போனாலும் துண்டு துண்டாகப் படிக்கிற லூப் ஒன்று வேண்டும்.

நடுக்கம். இதற்கும் ஓஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை, டிரைவரையும் மாற்ற வேண்டாம். மேலூர், இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் வரைபட முறையில், 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. அங்கே வடக்கு அச்சின் மதிப்பு 11 லட்சம் மீட்டர் சொச்சம். அதை அப்படியே 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண் டைப்) போட்டு ஜிபியூவுக்கு அனுப்புகிறீர்கள். 10,48,576-ஐத் தாண்டிய எண்களுக்கு ஃப்ளோட்டில் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே 0.125 மீட்டர் இடைவெளி. பன்னிரண்டரை சென்டிமீட்டர்! கலுங்குக் கல்லின் விளிம்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கிழக்கு அச்சில் உங்கள் எண் 2 லட்சம் சுற்றி இருக்கும், அங்கே இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதனால் ஒரு சோதனை சொல்கிறேன்: கேமராவை நேர் மேலே வைத்து, கலுங்கைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் கிழக்கு மேற்காக வரி வரியாக, நாற்று நட்டது போல நிற்கும், வரிக்கு வரி பன்னிரண்டரை சென்டிமீட்டர். அப்படித் தெரிந்தால் நான் சொன்னதுதான்.

எல்ஏஎஸ் கோப்பில் புள்ளிகள் 32 பிட் முழு எண்களாகத்தான் இருக்கின்றன, ஸ்கேலும் ஆஃப்செட்டும் தனியாகத் தலைப்பில் இருக்கும். கண்மாயின் நடுவே ஒரு புள்ளியை மூலமாக எடுத்து, முழு எண்ணாக இருக்கும்போதே கழித்துவிட்டு, அப்புறம் ஃப்ளோட்டாக மாற்றுங்கள். கேமராவும் அதே மூலத்தை வைத்து நகர வேண்டும். ஷேடரில் டபுள் (64 பிட் தசம எண்) போட்டு சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் டபுளின் வேகம் ஃப்ளோட்டில் 64-இல் ஒரு பங்கு, ஆப்பிளின் கிராபிக்ஸ் முறையான மெட்டலில் டபுளே கிடையாது. (உசிலம்பட்டிப் பக்கம் வேலை வந்தால் அது 43-ஆம் மண்டலம், 78 டிகிரிக் கோடு மதுரைக்குக் கொஞ்சம் மேற்கே போகிறது. இரண்டு மண்டலக் கோப்புகளைக் கலந்துவிட்டுக் கண்மாய் காணாமல் போச்சு என்று இங்கே வராதீர்கள்.)

திரை கறுப்பது. சரி, இது விண்டோஸுடையதுதான். ஜிபியூ இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் ஒரே வேலையில் இருந்தால், தொங்கிவிட்டது என்று முடிவு செய்து டிரைவரை விண்டோஸ் மறுபடி தொடங்கிவிடும். ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர்டிலே என்ற மதிப்பை ஏற்றினால் பொறுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியில் சோதனைக்குச் செய்துகொள்ளலாம், அலுவலகத்தில் இருக்கிற கணினியில் போய் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தச் சொல்ல முடியாது. லினக்ஸ் டிரைவர்களிலும் இப்படிக் காலக்கெடு உண்டு, அங்கே போனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஒரே அழைப்பில் 150 கோடியையும் தள்ளாமல் சில லட்சம் சில லட்சமாகப் பிரித்து அனுப்புங்கள். நடுவில் முன்னேற்றப் பட்டையும் காட்டலாம், முதலாளிக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆக ஓஎஸ் மாற்றினால் உங்கள் மூன்று தலைவலியில் அந்த 2 ஜிபி ஒன்றுதான் மறையும், அதுவும் மறைந்துதான் இருக்கும். வாங்குவதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், வேலை இருக்கிறது.

கலுங்குக்கல்:

அக்கா, வரி வரியாக நிற்கிறது! வடக்கு தெற்காக அளந்து பார்த்தேன், அப்படியே 0.125. டிரைவர் பழசு என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டையும் இன்றைக்கு ராத்திரி திருத்திவிட்டுச் சொல்கிறேன்.

பெங்குயின் பய:

சரி, அக்கா சொன்னது எல்லாம் ஒத்துக்கிறேன், ஆனால் பெரிய கோப்பு விஷயத்தில் லினக்ஸ் பக்கம் நியாயம் பேச ஆள் வேண்டாமா. ஒரு தடவை படித்த கோப்பை ரேமில் மிச்சம் இருக்கிற இடம் முழுக்க வைத்துக்கொள்ளும், 64 ஜிபி ரேம் போட்டால் அந்த 39 ஜிபி கோப்பு இரண்டாம் தடவை திறக்கும்போது டிஸ்க்கையே தொடாது. விண்டோஸும் இதைச் செய்யும்தான், ஆனால் எனக்குத் தெரிந்து லினக்ஸில் அது எங்கே போகிறது என்று பார்ப்பதும் கட்டுப்படுத்துவதும் சுலபம். 2019-இல் 5.1 கெர்னலோடு ஐஓயூரிங் வந்தபிறகு நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கச் சொல்லிவிட்டு வந்தது வந்தபடி வாங்கிக்கொள்ளலாம், என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம் ட்ரோன் போட்டோ. ஒரு கண்மாய்க்கு ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். விண்டோஸில் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் குறுக்கே வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விடும். ஒரே பெரிய கோப்பில் அது தெரியாது, ஆயிரம் சின்னக் கோப்பில் நல்லாவே தெரியும். அதற்காகத்தானே விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்று தனியாக ஒன்று 2023-இல் கொண்டுவந்தார்கள்.

மாப்ளைக்கு: டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ்) போட்டு இரண்டையும் அனுபவிக்கலாம் என்று நினைத்தால், கோப்பை லினக்ஸ் பக்கம் உள்ளே வை. சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து படித்தால் நடுவில் ஒரு நெட்வொர்க் நெறிமுறை வழியாகப் போய் வருகிறது, மாட்டு வண்டி வேகம்தான்.

ஒத்தக்கடை:

பெங்குயின் தம்பி பேசியதில் ஒன்றை விட்டுவிட்டார். லினக்ஸில் பென் டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ பெரிய கோப்பைக் காப்பி செய்தால், பட்டை சரசரவென்று ஓடி முடிந்தது என்று சொல்லிவிடும். உண்மையில் அது ரேமுக்குத்தான் போயிருக்கிறது, டிஸ்க்குக்கு இனிமேல்தான் எழுத வேண்டும். நம்பிப் பிடுங்கினால் போச்சு. சிங்க் என்று கட்டளை கொடுத்து அது திரும்பி வரும் வரை காத்திருங்கள், இல்லை எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுங்கள். விண்டோஸ் 10-இல் 2018-க்குப் பிறகு வெளி டிஸ்க்குகளுக்கு உடனே எழுதிவிடும் முறையே இயல்பாக இருக்கிறது, அதனால்தான் அங்கே காப்பி மெதுவாகத் தெரியும், பிடுங்கினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, மூன்று ஓஎஸ்ஸுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட் ஃபார்மட் என்பார்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கே கலைந்துபோகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 இரண்டிலும் ஜர்னல் உண்டு, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் வேறு வழியில் அதைச் சமாளிக்கிறது. பாதியில் நின்ற கோப்பு பாதிதான், மற்ற கோப்புகளாவது பிழைக்கும். சித்திரை மாத வெயிலில் ஏசி எல்லாம் ஓடும்போது எங்கள் பக்கம் ஃபேஸ் போகாத நாள் குறைவு. யூபிஎஸ் இல்லாமல் 39 ஜிபியை எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் எழுதுகிறவர்கள் தைரியசாலிகள்.

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் போடுவதாக இருந்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைப் பாதி திறந்த நிலையிலேயே வைத்திருக்கும், லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும் அல்லது மாட்டவே மறுக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் கொஞ்சம் பேர் இந்தக் கேஸ்தான்.

சிம்மக்கல் ஃப்ளெக்ஸ்:

ஒத்தக்கடை அண்ணே, அந்த ஃபேஸ் விஷயம் சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று கேட்கிறேன். புது எஸ்எஸ்டி வாங்கினேன், முதல் கொஞ்ச நேரம் பறக்கிறது, பெரிய கோப்பு பாதி போனதும் நொண்டுகிறது. இது விண்டோஸ் கோளாறா?

ஒத்தக்கடை:

இல்லை அண்ணே. விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்திருப்பார்கள், அது நிரம்பியதும் அசல் வேகம் தெரியும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தத் தற்காலிக இடமும் சுருங்கும். எந்த ஓஎஸ்ஸில் செருகினாலும் அதேதான். கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றிக் கொஞ்சம் காலியாக வைத்துப் பாருங்கள்.

திருநகர் ஆப்பிள்:

யாருமே மேக்குக்குப் பேசவில்லையே, நான் பேசுகிறேன். ஆப்பிள் சிலிக்கானில் சிபியூவும் ஜிபியூவும் ஒரே மெமரியைப் பகிர்கின்றன. மற்ற பெட்டிகளில் டிஸ்க்கிலிருந்து ரேம், ரேமிலிருந்து கார்டின் மெமரி என்று இரண்டு முறை தூக்கிச் சுமக்க வேண்டும். இங்கே ரேமில் இருந்தால் ஜிபியூவுக்கும் இருக்கிற மாதிரி. பாயின்ட் கிளவுடுக்கு இது பெரிய விஷயம், 12 ஜிபி கார்டில் ஏறாதது 48 ஜிபி மேக்கில் ஏறும். எக்ஸ்கோடில் இருக்கிற மெட்டல் டீபக்கர் மாதிரி சுகமான ஒன்றை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஷேடரை வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம், எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அங்கேயே எழுதிக் காட்டும். சத்தமும் கிடையாது, கரண்டும் கம்மி.

தெற்குவாசல்:

திருநகர் சார் சொன்னது எல்லாம் சரி, அவர் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் 2018-இல் மொஹாவே வந்தபோதே ஓப்பன்ஜிஎல்லைக் கைவிட்டுவிட்டது, மேக்கில் அது 4.1-லேயே நிற்கிறது. கம்ப்யூட் ஷேடர் 4.3-இல் வந்தது. அதாவது தம்பி இப்போது எழுதியிருக்கிற 4.5 கோட் மேக்கில் தொடங்கக்கூடத் தொடங்காது. மெட்டலில் மறுபடி எழுத வேண்டும், இல்லை வல்கன் என்ற வேறு கிராபிக்ஸ் முறைக்கு மாற்றி, அதை மெட்டலில் ஓட்டும் மோல்டன்விகே வழியாக ஓட்ட வேண்டும். ஃப்ரேமைப் பிரித்துப் பார்க்கும் ரெண்டர்டாக் மேக்குக்குக் கிடையாது, ஜிபியூவில் கணக்குப் போட என்விடியா தரும் கூடா 10.2-ஓடு மேக்கை விட்டுப் போய்விட்டது. ரேமை அப்புறம் கூட்டவும் முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்திலிருந்து வரும் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. முதலாளி மகனுக்கு வாங்கிக் கொடுங்கள், இந்த வேலைக்கு வேண்டாம்.

மெமரி ஏற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 150 கோடி புள்ளி, ஒன்றுக்கு மூன்று ஃப்ளோட்டும் நிறமும் சேர்த்து 16 பைட் என்றால் 24 ஜிபி. அதை ஏற்ற எந்தப் பெட்டி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், 1920-க்கு 1080 திரையில் மொத்தமே 20,73,600 பிக்சல்தான் என்பதை யோசியுங்கள். கண்மாய் முழுவதும் தெரியும்போது பிக்சலுக்கு எழுநூறு புள்ளிக்கு மேல் வரைந்து என்ன ஆகப்போகிறது? ஆக்ட்ரீயாக (பெட்டிக்குள் எட்டுப் பெட்டி என்று) பிரித்து, தூரத்தில் இருப்பதற்குச் சில புள்ளி, கிட்டத்தில் இருப்பதற்கு முழுப் புள்ளி என்று தேவைக்கு மட்டும் டிஸ்க்கிலிருந்து இழுத்தால் 8 ஜிபி கார்டே போதும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பொட்ரீ இதைத்தான் செய்கிறது, இலவசம், அதன் கோடைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. அதன் பழைய கன்வெர்ட்டர் ஆக்ட்ரீயின் ஒவ்வொரு கணுவையும் தனிக் கோப்பாக எழுதிக் குவிக்கும், விண்டோஸில் அந்தக் கோப்புறையை அழிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 2.0-க்குப் பிறகு புள்ளிகள் எல்லாம் ஒரே பெரிய கோப்பில், கூட இரண்டு சின்னக் கோப்பு, அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றம் விண்டோஸா லினக்ஸா என்ற வித்தியாசத்தை விட அதிகம் மிச்சப்படுத்தும்.

இப்போது வாங்குவதற்கு வருகிறேன். கிராபிக்ஸ் எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பிரித்துப் பார்க்கிற கருவி. ரெண்டர்டாக்கும் என்விடியாவின் என்சைட்டும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். டைரக்ட்எக்ஸ் 12 எழுதினால் பிக்ஸ் வேண்டும், அது விண்டோஸில் மட்டும். நீங்கள் டைரக்ட்எக்ஸ் எழுதப்போவதில்லை. அதனால் இந்த விஷயத்தில் இரண்டும் சமம். வித்தியாசம் டிரைவரில்தான். லினக்ஸில் ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் மெசா என்ற திறந்த டிரைவர், அது ஷேடரில் சின்னத் தப்பைக்கூட விடாது. என்விடியாவின் கம்பைலர் தாராள மனசு, தப்பாக எழுதினாலும் புரிந்துகொண்டு ஓட்டிவிடும். என்விடியாவில் மட்டும் எழுதிப் பழகியவர்களின் ஷேடர் அலுவலகத்தில் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் கம்பைல் ஆகாமல் நிற்பது இதனால்தான். அதனால் என்விடியா கார்டு உள்ள பெட்டியாக வாங்கினாலும், பிராசசர் இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இரண்டிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

அலுவலகத்துக் கணினியில் கிராபிக்ஸ் டிரைவரே போடாமல் விண்டோஸின் அடிப்படை டிரைவரோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அதையும் எதிர்பாருங்கள். அப்போது உங்களுக்குக் கிடைப்பது ஓப்பன்ஜிஎல் 1.1. தொடங்கும்போதே எந்தப் பதிப்பு கிடைத்தது என்று பார்த்து, தமிழில் ஒரு செய்தி காட்டி நிறுத்துங்கள். கறுப்புத் திரையைப் பார்த்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பெங்குயின் பய:

அக்கா கடைசியில் விண்டோஸ் என்று சொல்லப்போகிறீர்களா இல்லையா? நெஞ்சு படபடக்கிறது.

தெற்குவாசல்:

இரண்டும். 64 ஜிபி ரேம், இரண்டு என்விஎம்இ, ஒன்றில் உபுண்டு 24.04, மற்றதில் விண்டோஸ் 11. எழுதுவது, கன்வெர்ட் செய்வது எல்லாம் உபுண்டுவில், வாரம் ஒரு தடவையாவது விண்டோஸில் கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பது. பார்க்கப்போகிறவர்கள் விண்டோஸில் இருக்கும்போது அதைத் தொடாமல் இருக்க முடியாது. உங்கள் ரசிகர் மன்றத்தைக் கலைக்க வேண்டியதில்லை.

ஒத்தக்கடை:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தம்பி, கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்கிறீர்களா?

கலுங்குக்கல்:

ஆமாம் அண்ணே, ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர் எல்லாம் தமிழில்தான். ஏன்?

ஒத்தக்கடை:

அப்படியானால் கேளுங்கள். விண்டோஸில் தமிழுக்குப் பழைய ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் (எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணை) என்று ஒன்றும் இல்லை, யூனிகோட் மட்டும்தான். அதனால் சாதாரண எஃப்ஓப்பன் போட்டுத் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் கோப்பைத் திறக்காது. டபிள்யூ சேர்ந்த வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும், இல்லை புரோகிராமோடு போகும் மேனிஃபெஸ்டில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். பின்னது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து வேலை செய்யும். லினக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே வேறு ஒன்று: பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 85 குறியீடு. கால், கொம்பு, புள்ளி எல்லாமே தனித்தனிக் குறியீடுதான். விண்டோஸில் 255 வரை போகும். அங்கே நீட்டி வைத்த பெயர் இங்கே வந்ததும் மிக நீளம் என்று காப்பி நின்றுவிடும்.

மேக்கிலிருந்து வந்தால் இன்னும் வேடிக்கை. கொட்டாம்பட்டி என்று நீங்கள் அடித்தால் முதல் எழுத்து க-வும் ஒகரக் குறியும். பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் அந்தக் குறியைக் கொம்பும் காலுமாக உடைத்து இரண்டாக எழுதி வைத்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கொட்டாம்பட்டி, லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். ஒரே கோப்புறையில் இரண்டு கொட்டாம்பட்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், உங்கள் புரோகிராம் ஒன்றைத்தான் பார்க்கும். பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

திருநகர் ஆப்பிள்:

அது பழைய கதை, ஏபிஎஃப்எஸ் 2017-இல் வந்த பிறகு கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது.

ஒத்தக்கடை:

டிஸ்க் வைத்துக்கொள்ளும் சார். பழைய டிஸ்க்கிலிருந்து ஜிப் போட்டு வருகிறது பாருங்கள், அதில் உடைந்த பெயர் உடைந்த பெயராகவேதான் வரும்.

கலுங்குக்கல்:

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசிவிட்டேன், தெற்குவாசல் அக்கா சொன்ன மாதிரி இரண்டு ஓஎஸ் உள்ள பெட்டி, கூடவே யூபிஎஸ். மேக் பேச்சை ஓப்பன்ஜிஎல் 4.1 என்று சொல்லி முடித்துவிட்டேன், அவர் மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூலப் புள்ளியைக் கழித்ததும் கலுங்கு கல் மாதிரியே அசையாமல் நிற்கிறது, மடைக் குழாயின் விளிம்புகூடத் தெரிகிறது. ஷேடரை 5 லட்சம் 5 லட்சமாகப் பிரித்தேன், பழைய விண்டோஸ் 10-லேயே கறுக்காமல் ஓடுகிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அலுவலகத்துக்கு என் வியூவரை நிறுவச் சொல்லாமல், பொட்ரீயை வைத்து பிரவுசரிலேயே காட்டிவிட்டால் என்ன? அவர்களுக்குக் கண்மாயைச் சுற்றிப் பார்த்து இரண்டு இடத்துக்கு நடுவே அளக்கத் தெரிந்தால் போதும் என்கிறார்கள்.

தெற்குவாசல்:

தாராளமாக. அது வெப்ஜிஎல்லில் ஓடுகிறது, விண்டோஸ் பெட்டியில் குரோம் இருந்தால் போதும், அளக்கும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்க முடியாது, ஒரு வெப் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். கோப்பின் நடுவிலிருந்து துண்டை மட்டும் கேட்டு வாங்கும் வசதி அந்த சர்வரில் இருக்க வேண்டும். பைதானோடு வரும் எளிய சர்வருக்கு அது தெரியாது, என்ஜின்எக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மண் கணக்குக்கான உங்கள் வியூவர் உங்களிடமே இருக்கட்டும்.

கலுங்குக்கல்:

சரி அக்கா. டிஸ்க்கில் போட்டுத்தான் கொடுக்கப்போகிறோம், அங்கே இணையம் அவ்வளவு இல்லை. எக்ஸ்ஃபேட் வேண்டாம் என்கிறீர்களா ஒத்தக்கடை அண்ணே?

ஒத்தக்கடை:

அங்கே மேக் ஒன்றுகூட இல்லையே, எக்ஸ்ஃபேட் எதற்கு. என்டிஎஃப்எஸ் போடுங்கள், உபுண்டுவிலிருந்தே எழுதலாம். எழுதி முடிந்ததும் சிங்க். அப்புறம் விண்டோஸில் ஒரு தடவை செருகி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.